வில்மெரின் காரில் இருந்த முகக்கண்ணாடியை உடைத்த விவரம்

பொனாவோ நகரம், லோஸ் லிமோன்சியோஸ் பகுதிக் காவல் நிலையத்தில், சார்ஜென்ட் பாஸ்குவால் தவேரஸ் முன்னிலையில் எலிஹியோ மார்த்தே சொல்லச் சொல்ல எழுதப்பட்டது.

என் பெயர் எலிஹியோ மார்த்தே. தகப்பனார் பெயர் ரமோன் மார்த்தே. வயது நாற்பத்தொன்று. லோஸ் லிமோன்சியோஸில் கார் கழுவும் இடத்துக்குப் பின்னால் உள்ள பச்சைத் தகரக் கூரை வீட்டில் குடியிருக்கிறேன். கார்களுக்கு சவுண்டு செட் பொருத்துவதும் ரிப்பேர் பார்ப்பதும் என் தொழில். என் மீது கெல்வின் ரோசாரியோ கொடுத்த புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. இறந்துபோன அவருடைய அண்ணன் வில்மெரின் காரில் இருந்த முகக்கண்ணாடியை, அடக்கம் நடந்துகொண்டிருக்கும்போதே கல்லறைத் தோட்டத்தில் வைத்து நான் ஸ்பேனரால் அடித்து உடைத்தேன் என்று அதில் இருக்கிறது. உடைத்தது நான்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனால் முதலில் இருந்து எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். கடைசி வரியை மட்டும் எழுதினால் நான் பைத்தியக்காரன் மாதிரித்தான் தெரிவேன்.

வில்மெர் எனக்கு உறவு இல்லை. எதிர் வீடு. அவனுடைய வெள்ளைக் காருக்கு 'சாது' என்று பெயர். எங்கள் பக்கம் பெரிய ஸ்பீக்கர் பொருத்திப் போட்டிக்குப் பாட்டுப் போடுகிற சவுண்டு கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் காருக்குப் பெயர் வைப்போம். அதைப் பின்புறம் எழுதுவோம். பாட்டுக்கு முன்னால் வருகிற மாதிரி, காரின் பெயரையும் தன் பெயரையும் சொந்தக் குரலில் பதிவு செய்து வைப்போம். ஐயாவும் இந்த ஊர்தான், இதெல்லாம் தெரியும். ஆனாலும் எழுதிக்கொள்ளவும். வில்மெரின் பதிவு இப்படி வரும்: "நான் வில்மெர். எர்சிலியாவோட மவன். வந்திருக்கிறது சாது. காதப் பொத்திக்கிறவங்க பொத்திக்கலாம்." அதன் பிறகுதான் மேள அடி.

எர்சிலியா அம்மா என்பவர் வில்மெருக்கும் கெல்வினுக்கும் தாயார். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் அவருக்குக் காது போய்விட்டது. எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார், நன்றாகப் பேசுவார். வில்மெர் அவரைக் காரின் பின் சீட்டில் உட்காரவைத்து, உள்ளங்கையைக் கதவில் வைக்கச் சொல்லிவிட்டு அந்தப் பதிவைப் போடுவான். அதற்காகவே குரலைக் கனமாக்கிப் பதிவு செய்திருந்தான். எர்சிலியா என்ற பெயர் வரும் இடத்தில் கதவு நான்கு தரம் அதிரும். "இதோ என் பேரச் சொல்றான்!" என்று அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரிச் சத்தம் போடுவார். மகன் குரல் அவரிடம் வந்து சேர்ந்தது இந்த ஒரு வழியில்தான்.

வில்மெர் நேற்று நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்துபோனான். இன்று காலை துக்க வீட்டில் எனக்கு இஞ்சித் தேநீர் கொடுத்துவிட்டு எர்சிலியா அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "கல்லற மாடத்த மூடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவ போடு தம்பி. அவன் எங்கிட்டச் சொல்லிட்டுப் போகட்டும்." சரி என்று சொன்னேன். அந்த வார்த்தையைக் காப்பாற்றுவதைத் தவிர எனக்கு இன்றைக்கு வேறு எந்த நோக்கமும் கிடையாது.

அதன் பிறகு நான் காரைத் தயார் செய்தேன். உள்ளே என்ன எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு குழப்பம் வராது. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பின்னால் டிக்கியில் இருக்கின்றன. ஆம்ப் வேலை செய்தால் சூடாகும். சூடு மீறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதுவே நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும். ஆறிய பிறகு திரும்பவும் ஓடும். சூடாகாமல் இருக்க டிக்கிக்குள் இரண்டு ஃபேன் வைத்திருக்கிறோம். பின் சீட்டுக்கு மேலே, தலைக்குப் பின்னால் ஒரு பலகை இருக்குமே, அதில் வரிசையாகக் கீறல் போட்டிருக்கிறோம். அந்தக் கீறல் வழியாகத்தான் காரின் ஏசி காற்றை ஃபேன் இழுத்து ஆம்ப்புக்குக் கொடுக்கும். வில்மெர் அலங்காரப் பிரியன். அந்தப் பலகை முழுவதும் முகக்கண்ணாடி ஒட்டி, அடியில் நீல விளக்கு வைத்திருந்தான். கீறல்கள் கண்ணாடியிலேயே அறுத்தவை. புகாரில் சொல்லப்பட்ட கண்ணாடி இதுதான்.

சாவு வீட்டில் கண்ணாடியை மூடுவது எங்கள் வழக்கம். இறந்தவனின் உயிர் அதில் முகம் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும் என்பார்கள். எர்சிலியா அம்மா ஒரு வெள்ளைப் படுக்கை விரிப்பைக் கிழித்து அலமாரிக் கண்ணாடி, சுவர்க் கண்ணாடி எல்லாவற்றையும் மூடியிருந்தார். காரில் டிரைவருக்கு முன்னால் தொங்கும் சின்னக் கண்ணாடியிலும் வெள்ளைக் காகிதம் ஒட்டிவிட்டார். நடக்கிற வேகத்தில் போகிற காருக்கு வெளிக் கண்ணாடிகளே போதும் என்று விட்டுவிட்டேன். உள்கண்ணாடியை மறைத்துக்கொண்டு ஓட்டியதும் குற்றம் என்று ஐயா சொன்னீர்கள். அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள், ஒன்றோடு ஒன்றாகப் போகட்டும்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊர்வலம் புறப்பட்டது. பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால் போனார்கள். பின்னால் கார். ஓட்டியது நான். எர்சிலியா அம்மா பின் சீட்டில் கதவில் கை வைத்தபடி இருந்தார். என் கண் முழுக்கப் பெட்டி தூக்குகிறவர்களின் குதிகால் மேலேயே இருந்தது. கொஞ்சம் அசந்தால் கெல்வின் காலில் ஏற்றியிருப்பேன். வில்மெருக்குப் பிடித்த அக்கார்டியன் பாட்டுகளைப் போட்டேன். தூக்கியவர்கள் தாளத்துக்குப் பெட்டியை ஆட்டினார்கள். பெண்கள் அழுதுகொண்டே கை தட்டினார்கள். அவனுக்கு ஏற்ற ஊர்வலம் என்று மனசு நிறைந்தது.

பீர் விற்கும் மளிகைக் கடை திருப்பத்தில் பாட்டு நின்றது.

நின்ற உடனே ஊர்வலம் நின்றது. நான் இறங்கி டிக்கியைத் திறந்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. ஆம்ப்பில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. அதற்குள் பொலோ வந்துவிட்டான். பொலோ என்பவன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சவுண்டு கடை வைத்திருப்பவன். எனக்கும் அவனுக்கும் ஆகாது. அதைப் போலீசுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

"என்ன எலிஹியோ, ஆம்ப் மேல வாழக்கா வறுக்கிறியா?" என்றான்.

"சாவு ஊர்வலம்டா இது. வாய மூடு."

"நான் மூடிக்கறேன். நீ எர்த் ஒயரப் பாரு. பெயின்ட் மேலயே முடுக்கி வச்சிருப்ப. ஒம் பழக்கம் அதுதானே."

அதன் பிறகு நான் எர்த் ஒயரைக் கழற்றி, அடியில் பெயின்டைச் சுரண்டித் தகரம் பளபளக்கிற வரை தேய்த்து, திரும்பவும் முடுக்கினேன். அந்த வேலைக்கு என் பையில் சரியான ஸ்பேனர் இல்லாததால் பொலோவின் ஸ்பேனரை வாங்கினேன். ஒலி உள்ளே வரும் கெயின் திருகையும் குறைத்து வைத்தேன். ஃபேன் இரண்டும் சுற்றின. ஆறிய பிறகு போட்டேன். பாடியது. டிக்கியை மூடிவிட்டும் பார்த்தேன். அப்போதும் பாடியது. எர்சிலியா அம்மா இதற்கிடையில் இறங்கி, கிழித்த விரிப்பில் மீதி இருந்த துணியை வெயிலுக்குத் தலையில் போட்டுக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றிருந்தார். அவர் திரும்பி வந்து ஏறினார். புறப்பட்டோம். பொலோ சொன்னது சரியாகப் போயிற்றே என்று எனக்கு வயிறு எரிந்தது.

ஆற்றுப் பாலத்தை நெருங்கும்போது பாட்டு மறுபடியும் நின்றது.

இந்த முறை கூட்டத்தில் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொல்ல ஆரம்பித்தார்கள். பேட்டரி என்றார் ஒருவர். ஃப்யூஸ் என்றார் இன்னொருவர். வாழ்நாளில் ஒரு ரேடியோவைக்கூடத் திறந்து பார்க்காதவர்கள். பெட்டியைக் கீழே வைக்கக்கூடாது என்பதால் தூக்கியவர்கள் தோள் மாற்றி மாற்றி நின்றார்கள். கெல்வின் அங்கிருந்தபடியே கத்தினான்: "எங்கண்ணன ரோட்டுல நிறுத்தி வேடிக்க காட்டுறியா? பாட்டே வேணாம், நடங்கடா!" அவன் தாயார் பெட்டியின் மேல் கை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவனைப் பார்த்துப் பொறு பொறு என்று காட்டினார். அதனால் கெல்வின் அடங்கினான்.

நான் இரண்டு ஸ்பீக்கரின் இணைப்பைக் கழற்றி ஆம்ப்பின் சுமையைக் குறைத்தேன். பேட்டரி முனைகளைத் தேய்த்தேன். ஃப்யூஸை எடுத்துப் பார்த்தேன், அது நன்றாகவே இருந்தது. ஃபேனுக்கு முன்னால் கை வைத்தேன், காற்று வந்தது. எல்லாம் சரி. ஆனால் ஆம்ப் மட்டும் வறுக்கிற சட்டி. நான் குனிந்து ஒயரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஊர்வலத்தோடு வந்திருந்த மளிகைக் கடைக்காரர் பின்னாலிருந்து பீர் பெட்டியில் இருந்த ஐஸை ஒரு பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுவந்து ஆம்ப் தலையில் வைத்துவிட்டார். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்கிற முட்டாள்தனம் இது. பையில் ஓட்டை. தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒயருக்குள் இறங்குகிறது. நான் அந்தப் பையை எடுத்து ஆற்றில் வீசினேன். "நல்லது செஞ்சா இதுதான் மரியாதை!" என்று அவர் கோபித்துக்கொண்டு போய்விட்டார். சட்டையைக் கழற்றி ஆம்ப்பைத் துடைத்தேன். அதனால்தான் இப்போது ஐயா முன்னால் பனியனோடு உட்கார்ந்திருக்கிறேன். மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆறியது. போட்டேன். திறந்து வைத்தால் பாடியது. மூடி வைத்தால் பாடியது. கார் நிற்கும்போது பாடுகிறது, ஓடும்போது பாட்டு நிற்கிறது என்றால் ஏதோ ஒயர் ஆட்டத்தில் லூசாகிறது என்று முடிவு செய்தேன். கூட்டத்தில் கனமான நாலு பேரைக் கூப்பிட்டு பம்பரைப் பிடித்துக் காரை ஆட்டச் சொன்னேன். ஒரு பக்கம் சவப்பெட்டி நிற்கிறது, இன்னொரு பக்கம் நாலு பேர் காரைத் தொட்டில் மாதிரி ஆட்டுகிறார்கள். கார் குதித்தது, பாட்டு மட்டும் நிற்கவே இல்லை. வெறுத்துப்போய்விட்டது எனக்கு.

அப்போது ஒரு கிழவர் சொன்னார்: "வில்மெருக்குப் போக மனசில்லப்பா. அவந்தான் நிறுத்துறான்." உடனே பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஓவென்று அழுதார்கள். ஐயா, எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. அந்த ஆம்ப்பை வில்மெரும் நானும் சேர்ந்து உட்கார்ந்து பொருத்தினோம். திருகு திருகாக எனக்குத் தெரியும். இத்தனை வருஷம் போட்டியில் முழு வால்யூமில் வெயிலில் கதறியபோது ஒரு நாளும் நிற்காத ஆம்ப், இன்றைக்கு அவன் சாவுக்கு மெதுவாகப் பாடச் சொன்னால் நிற்கிறது. பேய் நிறுத்துகிறது என்று நம்பிவிட்டால் என் தொழிலைக் கட்டி வைத்துவிட்டு நான் ஜெபமாலை விற்கப் போகலாம்.

மீதி வழியில் பாட்டுப் போட வேண்டாம், ஆம்ப்பில் இருக்கிற உயிரைக் கல்லறைத் தோட்டத்துக்குச் சேமிக்கலாம் என்று நினைத்தேன். ஆனால் பாட்டு இல்லாமல் தூக்குகிறவர்களுக்கு அடி மாறியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. கெல்வினே திரும்பி, "போட்டுத் தொலைடா!" என்றான். குறைந்த வால்யூமில் போட்டேன். வாசல் வரை எப்படியோ வந்து சேர்ந்தது. உள்ளே நுழைந்து, சுவரில் மாடம் மாடமாகக் கட்டிய அடுக்குக் கல்லறைகளுக்கு முன்னால் காரை நிறுத்தும்போது நின்றுவிட்டது. மூன்றாம் தரம்.

அதன் பிறகு பெட்டியை மாடத்துக்குள் தள்ளினார்கள். கொத்தனார் கற்களை எடுத்து வைத்துவிட்டுச் சிமென்ட் கலவையைக் கிளறிக்கொண்டே நின்றார். "சீக்கிரம் சொல்லுங்க. கலவ இறுகுது. அப்புறம் தண்ணி ஊத்தினா நிக்காது" என்றார். பொலோ வந்து, "எலிஹியோ, நான் விளையாட்டுக்குச் சொல்லல. என் கார இந்தப் பக்கம் கொண்டு வரட்டுமா?" என்று கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான், மறுக்கவில்லை. ஆனால் எர்சிலியா அம்மாவின் கைக்குத் தெரிந்தது 'சாது'வின் கதவு. வேறு காரில் போட்டால் அது வேறு யாரோ பேசுகிற மாதிரி இருக்கும். வேண்டாம் என்றேன்.

பின் சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர் ஒன்றுதான் நான் பார்க்காத பாக்கி. அதைப் பார்க்கப் பின் கதவைத் திறந்தேன். முன் இரண்டு தடவையும் பாட்டு நின்றதும் எர்சிலியா அம்மா உடனே இறங்கிவிட்டார். இந்தத் தடவை முழங்கால் வலியில் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். அவர் தலையில் துணி இல்லை. துணி எங்கே என்று பார்த்தால், பின்னால் கண்ணாடிப் பலகையின் மேல் இழுத்துப் பரப்பி, மூலைக்கு மூலை செருகி வைத்திருந்தார். கீறல்கள் அத்தனையும் துணிக்கு அடியில். ஃபேன் இழுத்த இழுப்பில் துணி கீறல்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் விளங்கியது. காரில் ஏறும்போதெல்லாம் மகன் முகம் அதில் மாட்டிக்கொள்ளக்கூடாது என்று மூடியிருக்கிறார். இறங்கும்போதெல்லாம் வெயிலுக்கு அதையே எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் டிக்கியைத் திறந்து பார்க்கும்போது துணி இல்லை, காரில் ஏறி ஓட்டும்போது துணி இருக்கிறது. திரும்பிப் பார்க்க உள்கண்ணாடியும் இல்லை, அதிலும் காகிதம். காரின் ஜன்னல்கள் கறுப்பு. எனக்கு அது காற்று வரும் வழி, அவருக்கு அது கண்ணாடி. இரண்டு பேரும் ஒரே பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். என் வேலையில் நான் முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் அதுதான், கடைசியில் பார்த்தேன்.

நான் அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, உதடு தெரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னேன்: "அம்மா, இத மூடினா உள்ள காத்துப் போகாது. மெஷின் சூடாகுது. வில்மெர் பேச மாட்டான்."

அவர் துணியின் மேல் கையை வைத்துக்கொண்டார். "தொறந்தா எம்புள்ள இதுலயே நின்னுடுவான். எத்தன நாளு இதுல முகம் பாத்து மீச ஒதுக்கியிருப்பான் தெரியுமா? அவன் நல்லபடியாப் போவ வேணாமா?"

"அப்போ பாட்டு வேணாமாம்மா?"

"வேணும்."

"துணியும் வேணும்னா எப்படிம்மா?"

"எனக்கு ரெண்டும் வேணும்" என்றார். அழவில்லை. கேட்டது நியாயம் என்கிற மாதிரியே என்னைப் பார்த்தார்.

துணியில் ஓட்டை போட்டிருக்கலாமே என்று ஐயா இப்போது கேட்டீர்கள். ஓட்டை வழியாகக் கண்ணாடி தெரியுமே ஐயா. கழற்றியிருக்கலாமே என்றும் கேட்டீர்கள். அது பசை போட்டு ஒட்டியது, பலகையோடு பெயர்க்க வேண்டும். ஸ்டேஷன் நாற்காலியில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து யோசித்தால் எனக்கும் பத்து வழி தோன்றுகிறது. அங்கே கொத்தனார் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டு நின்றார். எனக்கு ஒரே வழிதான் தோன்றியது. கண்ணாடி இருந்தால்தானே மூட வேண்டும்.

பொலோவின் ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. அதை அவரிடம் காட்டினேன். பிறகு கண்ணாடியைக் காட்டினேன். அவர் ஸ்பேனரைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார். அதன் பிறகு துணியை ஓரம் ஓரமாக எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு, முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இப்போதும் அப்படித்தான் சொல்வேன். கெல்வின் அப்போது மாடத்துக்குப் பக்கத்தில் நின்றதால் இதைப் பார்க்கவில்லை.

அவரைக் கைத்தாங்கலாக வெளியே இறக்கி நிறுத்திவிட்டு நான் உள்ளே ஏறி உடைத்தேன். ஒரே அடியில் உடையவில்லை. எத்தனை அடி என்று எண்ணவில்லை. கோபத்தோடு அடித்தேனா என்று கேட்டீர்கள். ஆமாம், கோபத்தோடுதான் அடித்தேன். கண்ணாடி மேல் கோபம், துணி மேல் கோபம், ஐஸ் வைத்தவர் மேல், பேய் என்றவர் மேல், ஹெல்மெட்டை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு வண்டி ஓட்டிய வில்மெர் மேல். துண்டுகளைச் சட்டையில் வாரி வெளியே போட்டேன். கீறல்களில் காற்று குபுகுபுவென்று போனது. ஆம்ப் ஆறுகிற வரைக்கும் இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும். எர்சிலியா அம்மா கதவில் கை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

ஆனால் கண்ணாடிச் சத்தம் எல்லோருக்கும் கேட்டுவிட்டது. அவர் ஒருவருக்குத்தான் கேட்கவில்லை. கெல்வின் ஓடி வந்தான். "சாவு நாள்ல கண்ணாடிய ஒடைக்கிறானே! இன்னொரு சாவக் கூப்பிடுறானே! எங்கம்மா பக்கத்துல நிக்கிறாளேடா பாவி!" என்று கத்தி என் பனியனைப் பிடித்தான். அவன் முகத்தில் இருந்தது பயம், வேறு எதுவும் இல்லை. இன்றைக்கு அவனுக்கு மிச்சம் இருந்தது தாயார் மட்டும்தான். அதனால் அவன் மேல் எனக்குப் பகை கிடையாது. அவன் என்னை அறைந்தது உண்மை. நான் திருப்பி அடிக்கவில்லை, தள்ளிவிட்டேன். அவன் காரின் சாவியைப் பிடுங்கினான். வாசலில் நின்ற ரோந்துக் காவலர்கள் வந்து எங்கள் இரண்டு பேரையும் பிரித்து, சாவியையும் காரையும் என்னையும் எடுத்துக்கொண்டார்கள்.

நான் அவர்களிடம் ஒரு நிமிஷம் கேட்டேன். ஒரே ஒரு நிமிஷம். "ஸ்டேஷன்ல வந்து பேசு" என்றார்கள். இதோ வந்து பேசிக்கொண்டிருக்கிறேன். ஜீப்பில் ஏற்றும்போது திரும்பிப் பார்த்தேன். கொத்தனார் மாடத்தைப் பூசி முடித்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். எர்சிலியா அம்மா அந்த ஈரச் சிமென்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு காத்துக்கொண்டிருந்தார். பாட்டு இனிமேல் அந்தச் சுவர் வழியாக வரும் என்று நினைத்தாரோ என்னவோ. இனிப் பாட்டு வராது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நான் ஜீப்பில் இருந்தேன்.

அதிகச் சத்தத்துக்காகப் போலீஸ் பிடிக்கிற ஸ்பீக்கர் சாமான்களை வரிசையாகத் தெருவில் அடுக்கி ரோலர் விட்டு நசுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். நசுக்குவதாக இருந்தால் நசுக்குங்கள். கண்ணாடிக்கு என்ன தண்டனை உண்டோ அதையும் கொடுங்கள், நான் வக்கீல் வைக்கப்போவதில்லை. வில்மெரின் குரல் இருக்கிற பென் டிரைவ் டேஷ்போர்டில் செருகியபடியே இருக்கிறது. மாடத்தை மூடியாகிவிட்டது, அதற்கு இனி ஒன்றும் செய்ய முடியாது. நசுக்குவதற்கு முன்னால் அந்த அம்மாவை ஒரு தடவை கூப்பிட்டுவிடுங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். இது வாக்குமூலத்தில் வராது என்று ஐயா சொன்னீர்கள். வந்தே ஆக வேண்டும், எழுதுங்கள். ஸ்பேனர் பொலோவுடையது. வேலை முடிந்ததும் அவனிடம் கொடுத்துவிடவும், இல்லையென்றால் அதற்கும் என்னைத்தான் பேசுவான்.

இதில் உள்ளவை யாரும் மிரட்டியோ சொல்லிக்கொடுத்தோ வந்தவை அல்ல. நடந்தது நடந்தபடி நானே சொன்னேன். முழுவதும் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. பேய் என்று நான் சொன்னதாக ஓரிடத்தில் தவறாக எழுதியிருந்ததைத் திருத்தச் சொல்லி, திருத்திய பிறகு சரி என்று கண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) எலிஹியோ மார்த்தே

பதிவு செய்த அலுவலரின் குறிப்பு:

பலகையில் காற்று தடைப்பட்டதே சாதனம் நின்றதற்குக் காரணம் என்று எதிரி எலிஹியோ மார்த்தே கூறுவது மெய்யா என்பதைச் சோதித்தறிய வேண்டியிருந்தது. எனவே நிலைய முற்றத்தில் நிறுத்தப்பட்டிருந்த மேற்படி காரின் ஒலிச் சாதனம் இயக்கிச் சோதிக்கப்பட்டது; எதிரி, புகார்தாரர் கெல்வின், நிலைய வாசலில் காத்திருந்த புகார்தாரரின் தாயார் எர்சிலியா ஆகியோர் உடனிருந்தனர். கண்ணாடியை உடைக்கத் தாம் விட்டது உண்மை என்று, யாரும் வினவாமலே தாயார் தெரிவித்தார். பின்னர் பின் சீட்டில் ஏறி, உடைந்த பலகை முழுவதையும் கையால் தடவிப் பார்த்தார். மூலையில் நகம் அளவு கண்ணாடித் துண்டு ஒன்று பெயராமல் ஒட்டியிருந்தது. அதன் மேல் தமது கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டார். மற்ற உள்ளங்கையைக் கதவில் வைத்தார். டிக்கி மூடப்பட்டது. ஒலிப்பதிவு தடையின்றி ஒலித்தது. "இதோ என் பேரச் சொல்றான்" என்று தாயார் உரக்கக் கூறியது பதிவு செய்யப்படுகிறது. புகார்தாரர் மறுபக்கக் கதவில் கை வைத்தபடி நின்றார். புகாரைப் பற்றிக் கேட்டதற்குப் பிறகு சொல்வதாகக் கூறினார்.

ஒரு முறை சோதித்தது போதாது என்று கருதியதால், என் பொறுப்பில் மறுமுறையும் இயக்கப்பட்டது. அதன் பிறகு டிக்கியைத் திறந்து ஆம்ப்ளிஃபயரின் மேல் கை வைத்துப் பார்த்தேன். சுடவில்லை.

(ஒப்பம்) சார்ஜென்ட் பாஸ்குவால் தவேரஸ்